லீக்ஸ் லொறிக்கும் பால் தாங்கிக்கும் ஐதரசன் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

உணவுப் பொருட்களைக் குளிரில் வைத்திருப்பதால் வெளியாகும் காபனைக் குறைப்பதற்கு வெளிநாடுகளில் ஐதரசனைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள் என்று கடந்த இதழில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. அந்த நான்கு வரிக்கு மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. குளிரூட்டல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் ஆசிரியர் அந்தக் கட்டை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டார். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கி, நீண்டவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐதரசன் குளிர்சாதனப் பெட்டி என்றால், இப்போது உள்ளே இருக்கும் கேஸுக்குப் பதிலாக ஐதரசனை நிரப்புவதா, அல்லது ஐதரசனிலிருந்து மின்சாரம் எடுத்துப் பெட்டியை ஓட்டுவதா? எங்கள் வகுப்பில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.
– உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி, கந்தப்பளை

பதில்: இன்று பேசப்படுவது பெரும்பாலும் இரண்டாவது முறைதான். எரிபொருட் கலம் என்ற கருவிக்குள் ஐதரசனும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து நீராகின்றன. அப்போது வெளிப்படும் சக்தியில் ஏறத்தாழப் பாதி மின்சாரமாகவும் மீதி வெப்பமாகவும் வெளியே வருகிறது. அந்த மின்சாரம் வழமையான கொம்பிரசரைத்தான் ஓட்டுகிறது. அது லக்சபான நீர்மின் நிலையத்திலிருந்து வந்ததா, ஐதரசனிலிருந்து வந்ததா என்பது கொம்பிரசருக்குத் தெரியாது.

ஆனால் முதல் விதமாகச் சொன்ன உங்கள் தோழியும் கற்பனை செய்யவில்லை. 1922ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த வொன் பிளாட்டன், மண்டர்ஸ் என்ற இரண்டு சுவீடன் மாணவர்கள், அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு குளிர்ப் பெட்டியை வடிவமைத்தார்கள். அதன் குழாய்களுக்குள் அமோனியா, நீர், ஐதரசன் ஆகிய மூன்றும் அடைக்கப்பட்டிருந்தன. அடியில் வெப்பம் கொடுத்தால் நீரிலிருந்து அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலே போய், குளிர்ந்து திரவமாகும். அந்தத் திரவம் ஐதரசன் நிறைந்த குழாய்க்குள் இறங்கும்போது, மொத்த அமுக்கம் மாறாமலிருந்தாலும் அமோனியாவின் பங்கமுக்கம் (வாயுக் கலவையின் மொத்த அமுக்கத்தில் அதன் பங்கு) வெகுவாகக் குறைந்துவிடுவதால், அது தாழ்ந்த வெப்பநிலையிலேயே மறுபடி ஆவியாகிப் பெட்டியின் உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் நீர் அமோனியாவைக் கரைத்து எடுத்துக்கொள்ள, இலேசான ஐதரசன் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். இங்கே ஐதரசன் எரிவதுமில்லை, செலவாவதுமில்லை.

இந்த இனத்தைச் சேர்ந்த மண்ணெண்ணெய்க் குளிர்ப் பெட்டி ஒன்று, என் தகப்பனார் அப்புவாக (சமையற்காரராக) வேலை செய்த தோட்டத்துப் பங்களாவின் பின்கட்டில் இருந்தது. இரவில் அவர் குந்தியிருந்து, டோர்ச் அடித்து, சுடர் நீலமாக எரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். மஞ்சளாக எரிந்தால் திரியைக் கத்தரித்துப் புகைக்கூட்டைத் துடைப்பார். பங்களாவின் தரை ஒரு பக்கம் சாய்வு என்பதால் முன்காலுக்குக் கீழே தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டொன்றைச் செருகி, பெட்டியின் தலையில் சோசரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்ப்பார். நெருப்பு எரிய எரிய உள்ளே ஐஸ் கட்டுவது எங்களுக்கு மாயவித்தையாகத் தெரிந்தது. சோசர்த் தண்ணீரின் காரணம் இருபது வயதுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. உள்ளே எல்லாத் திரவமும் தன் பாரத்தாலேயே ஓட வேண்டும். பெட்டி சாய்ந்தால் ஓட்டம் நின்று, குளிரும் நின்றுவிடும்.

உலோகத்துக்குள் ஐதரசனை உறிஞ்ச வைத்து, அது வெளியேறும்போது ஏற்படும் குளிர்ச்சியைப் பயன்படுத்தும் மூன்றாவது முறையும் உண்டு. லந்தனம், நிக்கல் கலந்த உலோகங்கள் இதற்கு உதவுகின்றன. அது இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூட விடயம்.

கேள்வி: ஐன்ஸ்டைன் ஐதரசன் குளிர்ப் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார் என்பது உண்மையா?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: அவரும் லியோ சிலார்டும் சேர்ந்து அசையும் பாகமில்லாத ஒரு பெட்டிக்கு 1930இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது உண்மை. மேலே சொன்ன பெட்டியில் ஐதரசன் செய்த துணை வாயு வேலையை அதில் செய்தது ஐதரசன் அல்ல, அமோனியா. ஆவியாகிக் குளிர்வித்தது பியூட்டேன்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் பால் சேகரிப்பு நிலையத்தில் ஆயிரம் லீற்றர் குளிர்த் தாங்கி ஒன்று உள்ளது. மின்வெட்டு வந்தால் டீசல் மின்பிறப்பாக்கியைப் போடுகிறோம். டீசல் விலை தாங்க முடியவில்லை, புகையும் அதிகம். ஐதரசன் எரிபொருட் கலத்துக்கு மாறினால் மீளலாமா?
– பால் உற்பத்தியாளர் சங்கச் செயலாளர், பொகவந்தலாவை

பதில்: வந்த கடிதங்களில் கணக்குப் போட்டுப் பார்க்கத் தக்கது உங்களுடையது, போட்டே காட்டுகிறேன்.

கறந்த பால் ஏறத்தாழ 35 பாகையில் தாங்கிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 4 பாகைக்கு இறக்க, ஆயிரம் லீற்றரிலிருந்து சுமார் 35 அலகு (மின்பட்டியலில் வரும் அதே அலகு, ஒரு கிலோவாற் மணி) வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நல்ல நிலையிலுள்ள கொம்பிரசர் ஓர் அலகு மின்சாரத்தைக் கொண்டு இரண்டரை முதல் மூன்று அலகு வரை வெப்பத்தை வெளியேற்றும்; ஆகவே உங்களுக்குத் தேவை 12 முதல் 14 அலகு மின்சாரம். இதே 13 அலகை ஐதரசன் வழியாகப் பெறுவதானால், ஒரு கிலோ ஐதரசனை நீரிலிருந்து பிரிக்கச் சுமார் 55 அலகு செலவாகும். அந்த ஒரு கிலோ எரிபொருட் கலத்தில் திருப்பித் தருவது ஏறத்தாழ 16 அலகு. உங்கள் ஒரு தாங்கிப் பாலுக்குச் சுமார் 0.8 கிலோ ஐதரசன், அதாவது தொடக்கத்தில் 44 அலகு மின்சாரம் வேண்டும். நேராகப் போட்டால் 13, சுற்றிப் போனால் 44. வாயுவை அமுக்கிச் சிலிண்டரில் அடைக்கும் செலவை இதில் நான் சேர்க்கவேயில்லை.

மின்வெட்டின் போது நேரான வழி அடைபட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நீங்கள் சேமித்து வைக்க வேண்டியது மின்சாரத்தையா, குளிரையா? ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஆயிரம் லீற்றர் பாலுக்கு 380 கிலோ ஐஸ் போதும். மின்சாரம் இருக்கும் நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் குழாய்ச் சுருளைச் சுற்றி ஐஸ் கட்டவிட்டு, பால் வரும்போது அந்தக் குளிர்நீரை ஓட்டிப் பாலைக் குளிர்விக்கும் ஐஸ்-பாங்க் முறை பால் தொழிலில் மிகப் பழையது. மின்வெட்டில் அதற்கு வேண்டியது சிறிய நீர்ப்பம்பியும், பால் கலக்கியும் ஓடுமளவு மின்சாரம் மட்டுமே. அதை ஒரு நடுத்தர பற்றரியே தந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் ஊரில் இனாமாகக் கிடைக்கிறது. பொகவந்தலாவையில் அதிகாலைப் பீலித் தண்ணீரில் கை வைத்தால் விறைக்கும். தாங்கிக்குள் ஊற்றுவதற்கு முன், பாலையும் அந்த நீரையும் ஒரு தட்டுக் குளிர்விப்பானில் எதிரெதிராக ஓடவிட்டால், 35 பாகைப் பால் 20 பாகையளவில் தாங்கிக்குள் இறங்கும். கணக்கில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். வெளியேறும் நீர் இளஞ்சூடாக இருக்கும். மாடுகள் அதை விரும்பிக் குடிக்கும்.

இவற்றைச் செய்து முடித்த பிறகும் நாட்கணக்கில் மின்சாரமில்லாத இடம் என்றால் ஐதரசனைப் பற்றிப் பேசலாம். உங்கள் சங்கத்தின் நிலை அதுவென்று கடிதத்தில் தெரியவில்லை.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு லீக்ஸ், கரட், கோவா ஏற்றுகிறேன். மாத்தளையைத் தாண்டியதும் சரக்கு வாடத் தொடங்கிவிடுகிறது. குளிரூட்டிய லொறி வாங்கினால் டீசல் இரட்டிப்பாகும் என்கிறார்கள். ஐதரசன் லொறிகள் உண்மையிலேயே ஓடுகின்றனவா?
– மரக்கறி வியாபாரி, இராகலை

பதில்: ஓடுகின்றன. 2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சுவிட்சர்லாந்தில் ஹுண்டாய் நிறுவனத்தின் எரிபொருட் கல லொறிகள் பெரிய உணவுக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றுகின்றன. குளிரூட்டிய பெட்டிகளும் அவற்றில் உண்டு. ஒருமுறை நிரப்பினால் சுமார் 400 கிலோமீற்றர் போகும். அவற்றுக்கான ஐதரசனை முதலில் தயாரித்தது கோஸ்கன் என்ற இடத்திலுள்ள நீர்மின் நிலையத்தோடு இணைந்த 2 மெகாவாற் மின்பகுப்பு ஆலை, அதாவது மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் ஆலை. மலை, நீர்மின், மரக்கறி லொறி என்று கேட்டால் நம் ஊர்க் கதை போலவே இருக்கும். ஆனால் அங்கே கனரக வாகனங்கள் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அரசுக்குப் பெருங்கட்டணம் செலுத்த வேண்டும், புகை கக்காத லொறிக்கு அந்தக் கட்டணம் இல்லை. அந்தச் சலுகைதான் விலைக் கணக்கைச் சரிக்கட்டியது. அதை விட்டுவிட்டு லொறியை மட்டும் பார்த்து ஆசைப்படுவது சரியாகாது.

டீசல் இரட்டிப்பாகாது. பெரிய குளிர் லொறிகளில் பெட்டியின் முன்முகத்தில் குளிருக்கென்றே தனியாக ஒரு சின்ன டீசல் எஞ்சின் இருக்கும். உங்கள் அளவு லொறிகளில் பிரதான எஞ்சினே கொம்பிரசரையும் ஓட்டும். கூடுதல் செலவு உண்டு, அவர்கள் பயமுறுத்தும் அளவுக்கு அல்ல. அந்தச் சின்ன டீசல் எஞ்சினின் இடத்தில் பற்றரியையோ எரிபொருட் கலத்தையோ வைப்பதுதான் குளிர் லொறியில் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் என்பது என் கருத்து. புகை அதில்தான் மோசம்.

உங்கள் பாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இறம்பொடை, கண்டி, மாத்தளை வழியாகச் சுமார் 150 கிலோமீற்றர் ஓடித் தம்புள்ளை சேரும்போது ஏறத்தாழ 1,700 மீற்றர் இறங்கியிருப்பீர்கள். ஐந்து தொன் சரக்கு அவ்வளவு உயரம் இறங்கினால், அதன் பாரத்தில் மட்டும் சுமார் 23 அலகு சக்தி அடங்கியிருக்கிறது. இன்று அதில் பெரும்பங்கு இறம்பொடை வளைவுகளில் பிரேக் கருகும் வாசனையாகப் போகிறது. மின்லொறியில் அதில் ஒரு பகுதி பற்றரிக்குத் திரும்பும். பாரத்தோடு இறங்கி, பாரம் குறைந்து ஏறுவது மின்லொறிக்கு வாய்த்த பாதை. 150 கிலோமீற்றர் அதற்கு எட்டாத தூரமும் அல்ல. ஐதரசன் லொறியின் பலம் நாள் முழுவதும் நிற்காமல் ஓடுவதும் சில நிமிடங்களில் நிரப்பிக்கொள்வதும்தான். உங்கள் லொறியோ தம்புள்ளையில் விலை பேசி முடியும்வரை மணிக்கணக்கில் நிற்கிறது.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன், சரக்கு எந்தச் சூட்டில் லொறியேறுகிறது என்று பாருங்கள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் பிடுங்கிய லீக்ஸை அப்படியே கட்டிப் படங்கு போட்டு மூடினால், அது மூச்சுவிட்டு விட்டுத் தன்னைத்தானே அவித்துக்கொள்ளும். குளிரூட்டிய பெட்டி ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைக் குளிராக வைத்திருக்கத்தான் பயன்படும். சூடான ஐந்து தொன்னை ஓடும் வழியில் குளிர்விக்கும் சக்தி அதற்குக் கிடையாது. விடியற்காலையில் பிடுங்கி, கழுவி, நிழலில் இரண்டு மணி நேரம் காற்றாடவிட்டு, பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, இரவில் இறக்கினால் நுவரெலியாவின் குளிர் ஓரளவு தம்புள்ளை வரை கூடவே வரும். கூடை என்றதும் 2011இன் இறுதியில் பிளாஸ்டிக் கூடை கட்டாயமாக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு நினைவுக்கு வரலாம். எதிர்த்தவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது, சாக்கில் கொள்ளும் அளவு கூடையில் கொள்ளாது. ஆனாலும் சாக்கின் அடியில் நசுங்கிய கரட்டை எந்த எரிபொருளாலும் காப்பாற்ற முடியாது. வழியில் அழுகிக் கொட்டப்படும் மரக்கறியின் பின்னால் அதற்கு இட்ட உரம், அடித்த பம்பி, ஓடிய டீசல் எல்லாம் இருக்கின்றன. உலகெங்கும் உணவுக் குளிர்ச் சங்கிலியும், குளிர் இல்லாமையால் வீணாகும் உணவும் சேர்ந்து, மொத்தப் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 4 சதவீதத்துக்குக் காரணம் என்று ஐ.நா. அமைப்புகள் 2022இல் கணக்கிட்டன. குளிர் இயந்திரத்தின் புகையை மட்டும் எண்ணிவிட்டு, குளிர் இல்லாத லொறியில் காபன் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது.

கேள்வி: லக்சபான 1950 முதல் நம் மலையில் ஓடுகிறது, மேல் கொத்மலையும் இருக்கிறது. இத்தனை நீர்மின்சாரத்தை வைத்துக்கொண்டு நாமே நீரைப் பிரித்துப் பசுமை ஐதரசன் தயாரித்து, குளிர்க் களஞ்சியங்களை ஓட்டினால் என்ன?
– பாடசாலை ஆசிரியர், ஹட்டன்

பதில்: நீர் நம் மலையில் விழுகிறது என்பதற்காக அந்த மின்சாரம் நமக்கென்று ஒதுங்கியிருப்பதில்லை, ஐயா. நாடு முழுவதற்கும் ஒரே வலையமைப்பு. காசல்ரீ, மவுஸாகலை நீர்த்தேக்கங்களில் நீர் நிறைந்திருக்கும் நாளில்கூட நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது. அங்கே 900 மெகாவாற் திறன் இருக்கிறது. அப்படியிருக்கும்போது லக்சபான மின்சாரத்தில் ஒரு கிலோ ஐதரசனுக்கு வேண்டிய 55 அலகைத் திருப்பினால், அந்த 55 அலகை வேறு யாருக்கோ நிலக்கரியிலிருந்து கொடுக்க வேண்டி வரும். ஒரு கிலோ ஐதரசனுக்கு ஏறத்தாழ 50 கிலோ காபனீரொட்சைட்டு. இயற்கை வாயுவிலிருந்து எடுக்கும் சாதாரண ஐதரசன்கூட கிலோவுக்கு ஒன்பது, பத்து கிலோவோடு நின்றுவிடுகிறது. பெயரில் பசுமை, கணக்கில் கரி.

மிஞ்சிப் போகும் மின்சாரம் என்றால் விடயம் வேறு. 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தபோது, கூரையில் சூரியப் பலகை வைத்திருப்பவர்கள் பகலில் அவற்றை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. அப்படி வீணாகும் பகல் மின்சாரத்தை மாலைக்கும் மறுநாளுக்கும் கொண்டுசெல்ல, பால் தாங்கிக்குச் சொன்ன ஐஸே போதும். பெருமழைக் காலத்து மிகுதியைப் பங்குனி வறட்சிவரை கொண்டுசெல்ல வேண்டுமென்றால் ஐஸும் பற்றரியும் தோற்றுவிடும். மாதக்கணக்கான அந்தச் சேமிப்பில்தான் ஐதரசனுக்கு உண்மையான இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மறைமுகமான ஒரு வழியும் உண்டு. பெரிய குளிர்க் களஞ்சியங்களில் ஓடும் அமோனியா, ஐதரசனும் நைதரசனும் சேர்த்துச் செய்யப்படுவது. 17 கிலோ அமோனியாவில் 3 கிலோ ஐதரசன். யூரியா உரமும் அதிலிருந்தே பிறக்கிறது. தூய ஐதரசன் மலிவாகக் கிடைக்கும் நாளில், களஞ்சியத்தைவிட உருளைக்கிழங்குப் பாத்திக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும்.

கேள்வி: சமையல் வாயு சிலிண்டர் போல ஐதரசன் சிலிண்டரையும் வீட்டில் வைக்கலாமா?
– இல்லத்தரசி, பண்டாரவளை

பதில்: வேண்டாம், அம்மா. சமையல் வாயு கசிந்தால் மூக்கு சொல்லும். ஐதரசனுக்கு மணமில்லை, எரிந்தாலும் பகலில் சுடர் தெரியாது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும். மேலே போய்விடும் வாயு என்பதால் திறந்த வெளியில் ஆபத்துக் குறைவு. கூரை தாழ்ந்த லயத்து அறையில் அது போக இடமில்லை. லொறித் தாங்கிகளில் 350 மடங்கு வளிமண்டல அமுக்கத்தில் அடைப்பதற்குத் தனிக் கருவிகளும் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: கடையில் ஐஸ்கிரீமுக்கும் மீனுக்கும் பழைய உறைபெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஸ் அடிக்க வேண்டியிருக்கிறது. ஐதரசன் பெட்டி வரும்வரை காத்திருக்கலாமா, இப்போதே மாற்றலாமா?
– சில்லறைக் கடைக்காரர், நாவலப்பிட்டி

பதில்: காத்திருக்காதீர்கள். இத்தனை கடிதங்களில் காபனை உடனே குறைக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

அடைத்த குழாய்க்குள் ஓடும் கேஸ் தீர்ந்துபோகும் பொருளல்ல. ஆறு மாதத்தில் குறைந்திருந்தால் அது நாவலப்பிட்டிக் காற்றில் கலந்துவிட்டது என்று பொருள். வணிக உறைபெட்டிகளில் பரவலாக இருக்கும் ஆர்-404ஏ என்ற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், ஏறத்தாழ 3,900 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். 1,400 லீற்றருக்கும் அதிகமான டீசலை எரித்ததற்கு அது ஈடு. வீட்டுப் பெட்டிகளில் இருந்த ஆர்-134ஏ கிலோவுக்கு 1,430. இப்போதைய வீட்டுப் பெட்டிகளில் வரும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், வெறும் 3 அளவில் நிற்கிறது. சிறிய உறைபெட்டிகளில் வரும் புரொப்பேனும் அப்படியே. இரண்டும் தீப்பற்றுபவை என்பதால் மிகக் குறைவாகவே நிரப்புகிறார்கள். புவியை அதிகம் சூடாக்கும் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவண்டாவின் கிகாலியில் எட்டிய உடன்பாட்டை இலங்கையும் ஏற்றிருக்கிறது. ஆகவே பழைய கேஸின் விலை ஏறுமே தவிர இறங்காது.

புதிய பெட்டிக்குக் காசு சேரும்வரை, அடுத்த முறை வரும் மெக்கானிக்கை நேராகக் கேஸ் அடிக்க விடாதீர்கள். குழாய்க்குள் நைதரசனை அமுக்கத்தில் ஏற்றி, மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவச் சொல்லுங்கள். குமிழி வரும் இடம்தான் உங்கள் காசு போகும் இடம். அதை வெல்டிங் வைத்து அடைத்து, வெற்றிடப் பம்பி போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே புதுக் கேஸ் ஏற வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், கூலியும் கேட்பார், கொடுங்கள். அவர் போனபின் பெட்டிக் கதவில் ஓர் இருபது ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் பிடிபடாமல் வந்தால் றப்பர்ப் பட்டியையும் மாற்ற வேண்டும்.